ஈஸ்ட்டை நொதியம் என்று எழுதினால் பார்மசிக்குத்தான் போக வேண்டும்

பக்கத்து வீட்டு அக்காவுக்குப் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே பீட்சா செய்து கொடுக்க ஆசை. தமிழில் கிடைத்த செய்முறை ஒன்றைத் தாளில் குறித்துக்கொண்டு நுவரெலியா டவுனுக்குப் போனார். கோதுமை மா, சீஸ், தக்காளி எல்லாம் கிடைத்தன. "நொதியம் - ஒரு தேக்கரண்டி" மட்டும் எந்தக் கடையிலும் இல்லை. கடைசியில் பார்மசியில் நின்ற தம்பி தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "சமிபாட்டுக்குப் போடுற குளிசையா அக்கா?" என்று கேட்டிருக்கிறான்.

அந்தத் தம்பியைக் குறை சொல்ல முடியாது. நொதியம் என்றால் என்சைம், சமிபாட்டுக் குளிசையில் இருப்பதும் அதுதான். செய்முறையை எழுதியவருக்கு வேண்டியிருந்தது ஈஸ்ட். சமையல் வீடியோவின் அடியில் ஓடும் எழுத்திலும் பேக்கரிச் சாமான் பைக்கற்றிலும் இதே குழப்பத்தைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது.

சொல்லின் பூர்வீகத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஈஸ்ட் என்ற ஆங்கிலச் சொல், கொதித்தல், நுரைத்தல் என்று பொருள்படும் பழைய வேரிலிருந்து வந்தது. பொருளைப் பார்த்தால், அது ஒற்றைக் கலத்தாலான உயிர், பங்கசு இனம். மாவிலுள்ள வெல்லங்களைத் தின்று காபனீரொட்சைட்டையும் மதுசாரத்தையும் வெளியே விடும். அந்த வாயுதான் மாவை ஊத வைக்கிறது. நம் நாட்டு விஞ்ஞானப் பாடநூல்களில் இதற்குப் பெயர் மதுவம். மதுசாரம் உண்டாக்குவது மதுவம். அவ்வளவுதான்.

நொதியம் என்று அதே பாடநூல்கள் சொல்வது என்சைமை. அது உயிர் இல்லை. உயிருள்ள கலங்கள் உண்டாக்கும் ஒரு வகைப் புரதம். இங்கேதான் வேடிக்கை. என்சைம் என்ற பெயரை 1870களில் வைத்தவர் வில்ஹெல்ம் கூனே என்ற ஜெர்மானியர். கிரேக்கத்தில் அதற்கு 'ஈஸ்ட்டுக்குள்' என்று பொருள். அதாவது பாத்திரமும் அதற்குள் இருக்கும் பண்டமும் மாதிரி. 1897இல் எடுவார்ட் புக்னர் ஈஸ்ட்டை அரைத்துப் பிழிந்து, உயிருள்ள கலம் ஒன்றுகூட இல்லாத சாறே சீனியை மதுசாரமாக்கும் என்று காட்டினார். 1907இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அவர் அரைத்துப் பிரித்துக் காட்டியதை நம் மொழிபெயர்ப்பாளர்கள் மறுபடி ஒரே சட்டியில் போட்டுக் கிண்டிவிட்டார்கள்.

"நொதிக்க வைப்பது நொதியம், சொல் பொருந்தித்தானே வருகிறது?" என்று கேட்பவர்கள் உண்டு. பொருந்தும்தான். ஆளில்லாத கதிரையாக இருந்திருந்தால் நானும் ஈஸ்ட்டை அதில் உட்கார வைத்திருப்பேன். கதிரையில் ஏற்கெனவே ஆள் இருக்கிறதே!

மலையகத்தில் இருப்பவர்களுக்கு இந்த வேறுபாட்டை விளக்கப் பாடநூல்கூடத் தேவையில்லை. தேயிலைத் தொழிற்சாலையே போதும். வாட்டிய கொழுந்தை உருட்டிப் பரப்பி வைத்தால் பச்சை இலை செம்பு நிறமாகிறது. அதை இலையிலுள்ள நொதியங்கள் காற்றிலுள்ள ஒட்சிசனை வைத்துச் செய்கின்றன. அந்த இடத்துக்குப் பெர்மன்டிங் என்று பெயர் வைத்திருக்கிறார்கள், ஆனால் அங்கே யாரும் ஈஸ்ட் தூவுவதில்லை. பிறகு சூடு காட்டி உலர்த்தும்போது அந்த நொதியங்கள் செயலிழக்கின்றன. செயலிழக்கின்றன என்றுதான் எழுத வேண்டும், இறக்கின்றன என்று எழுதக்கூடாது. உயிர் இருந்தால்தானே இறக்க? ஈஸ்ட் அப்படியில்லை. 60 பாகை செல்சியஸ் அளவுச் சூட்டில் அது செத்தே போகும். கொதிநீரில் ஈஸ்ட்டைக் கரைத்துவிட்டு, மா ஏன் எழும்பவில்லை என்று கேட்பவர்களுக்குப் பதில் இதுதான்.

பீட்சா மாவிலேயே இரண்டும் இருக்கின்றன. கோதுமையின் சொந்த நொதியங்கள் மாப்பொருளை உடைத்து வெல்லமாக்கிக் கொடுக்க, ஈஸ்ட் அதைத் தின்கிறது. சில பேக்கரிக் கலவைகளில் மேலதிக நொதியமும் சேர்ப்பார்கள். அந்தப் பைக்கற்றில் ஈஸ்ட்டும் இருந்தால் இவர்கள் என்ன எழுதுவார்கள்? நொதியம், நொதியம் என்று இரண்டு தடவையா?

சரி, மதுவம் என்றால் மட்டும் விடுகிறார்களா? 'மது' வடசொல் என்கிறார் தனித்தமிழ் நண்பர் ஒருவர். பிழையான தமிழைவிடச் சரியான வடசொல் எனக்குப் போதும். இன்னொருவர், லயத்தில் குடியால் கெட்ட குடும்பங்கள் போதாதா, சமையலுக்குள்ளும் மதுவா என்று கேட்டார். அவர் கவலை புரிகிறது. ஆனால் அப்ப மாவுக்குக் கள் விட்டுப் பொங்க வைத்தது நம் பாட்டிமார்தான். எங்கள் அம்மாயி கித்துள் கள் கொஞ்சம் வாங்கிவரச் சொல்வார், குடிக்க இல்லை, அப்பத்துக்கு. கள்ளுக்குள் இருந்த ஈஸ்ட்தான் அந்த வேலையைச் செய்தது. மதுவம் என்ற பெயருக்கு இதைவிடப் பொருத்தமான சாட்சி ஏது?

என்றாலும் சமையல் குறிப்பில் நான் ஈஸ்ட் என்றே எழுதுவேன். கடையில் கேட்டால் கிடைக்கும் பெயர் அது. பாண், போறணை, காம்பரா எல்லாம் போர்த்துக்கீசியரிடம் வாங்கியதுதான். அவற்றோடு ஈஸ்ட்டும் இருந்துவிட்டுப் போகட்டும். பாடம் எழுதும்போது மதுவம். இரண்டு இடத்திலும் நொதியம் மட்டும் வேண்டாம்.

அக்காவுக்கு அளவை நானே எழுதிக் கொடுத்தேன். 500 கிராம் கோதுமை மா, 325 மில்லிலீற்றர் இளஞ்சூட்டுத் தண்ணீர், 10 கிராம் உப்பு, ஒரு தேக்கரண்டி ஈஸ்ட். ஒரு மணித்தியாலத்தில் எழும்பும் என்று செய்முறைகள் சொல்லும். இங்கே குளிரில் எனக்கு ஒருநாளும் அப்படி எழும்பியதில்லை. அடுப்பங்கரையில் மூடி வைத்து மூன்று மணித்தியாலம் பார்க்கச் சொன்னேன். பின்னேரம் ஃபோன் எடுத்தார்.

"டீச்சர், மாவு நல்லாப் பொங்கிருச்சு. ஆனா அந்தப் பழைய தாள்ல அடுத்து 'மாவை இரண்டாம் முறை நிரூபிக்கவும்'னு இருக்கே, அது எப்படிச் செய்யிறது?"

வெள்ளைக்காரப் பேக்கரிக்காரர்கள் மாவைப் பொங்க விடுவதைப் புரூஃப் என்பார்கள். அதை யாரிடம் நிரூபிப்பது என்று எனக்கும் தெரியவில்லை. "உருட்டி வச்சிட்டு, இன்னொருக்கா பொங்க விடுங்க அக்கா" என்றேன்.