பேஃபிள்: ஒலித்தடுப்பா, முகப்பலகையா?

சுவரில் மாட்டும் ஸ்பீக்கரைச் சொந்தமாகச் செய்வது பற்றித் தமிழில் படிக்கப் போனால் 'ஒலித்தடுப்புப் பலகை' என்ற சொல் திரும்பத் திரும்ப வந்து நிற்கிறது. ஒலித்தடுப்புப் பலகையில் துளை போடு, அதில் ஒலிபெருக்கியைப் பொருத்து என்கிறார்கள். சிங்கப்பூரில் இதைப் படிப்பவருக்கு என்ன நினைவு வரும்? எம்ஆர்டி மேம்பாலத் தண்டவாளத்தின் ஓரம் நிற்கும் இரைச்சல் தடுப்புகள்தான். ரயில் சத்தம் புளோக்குக்குள் வராமலிருக்க வைத்தவை அவை. ஸ்பீக்கரிலும் சத்தத்தை அடக்க ஏதோ பஞ்சுப் பலகை வைக்க வேண்டும்போல என்றுதான் படிப்பவர் எண்ணுவார். உண்மை நேர்மாறு. ஆங்கிலத்தில் 'பேஃபிள்' எனப்படும் இது ஸ்பீக்கரைப் பொருத்தும் முன்பலகை, ஒலியைக் காப்பாற்றும் பலகை.

ஆங்கிலச் சொல்லின் பூர்வீகத்தைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 16ஆம் நூற்றாண்டில் 'பேஃபிள்' என்றால் ஒருவரை ஊரறிய அவமானப்படுத்துவது. ஸ்காட்லாந்து வழக்கிலிருந்து வந்தது என்பாரும் உண்டு, பிரெஞ்சிலிருந்து வந்தது என்பாரும் உண்டு, தீர்ந்த வழக்கில்லை. பிறகு திகைக்க வைப்பது, முயற்சியைக் குலைப்பது என்று பொருள் விரிந்தது. அதிலிருந்து நீர், ஆவி, காற்று ஆகியவற்றின் போக்கை மறித்துத் திருப்பும் தகட்டுக்கும் அதுவே பெயராயிற்று. 1925இல் ஜெனரல் எலெக்ட்ரிக்கின் ரைஸ், கெல்லாக் இருவரும் இன்றைய சுருள்-கூம்பு ஸ்பீக்கரின் (மின்சுருள் ஒரு கூம்பை முன்னும் பின்னும் அசைத்து ஒலி எழுப்புவது) மூல வடிவத்தை வெளியிட்ட காலத்தில், கூம்பைச் சுற்றி நிற்கும் பலகைக்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

திகைப்பு என்ற பொருளை மட்டும் பிடித்துக்கொண்டு 'குழப்பப் பலகை' என்று போட்டவர்களும் இருக்கிறார்கள். அவர்களோடு வாதிட ஒன்றுமில்லை. 'சுவரில் பொருத்தும் பேச்சாளர்கள்' என்று எழுதுவதும் அதே கைதான். பேச்சாளரைச் சுவரில் பொருத்தினால் போலீஸ் வரும்.

'ஒலித்தடுப்பு' அப்படித் தள்ளிவிடக்கூடியதல்ல. அதன் பின்னால் ஒரு நியாயம் இருக்கிறது. கூம்பு முன்னே வரும்போது முன்பக்கக் காற்று அழுந்தும், பின்பக்கக் காற்று தளரும். இரண்டு அலைகளும் ஒன்றுக்கொன்று எதிர். தாழ்ந்த சுரங்களின் அலைநீளம் மிகப் பெரிது. 100 ஹெர்ட்ஸுக்கு ஏறக்குறைய மூன்றரை மீட்டர். அதனால் பின்னலை எளிதாக விளிம்பைச் சுற்றி வந்து முன்னலையை அழித்துவிடும். வெறும் ஸ்பீக்கரைக் கையில் பிடித்து, சத்தத்தைக் குறைவாக வைத்துத் தவில் இசையைப் போட்டுப் பாருங்கள். தகரம் தட்டுவதுபோல் கேட்கும். அதையே நடுவில் துளையிட்ட ஒரு பலகையோடு அழுத்திப் பிடித்தால் தொப்பி முழக்கம் எங்கிருந்தோ வந்துவிடும். பலகை பின்னலையின் வழியை மறிக்கிறது. ஆகவே தடுப்பு என்கிறார்கள். சரி.

ஆனால் தடுக்கப்படுவது எது? ஒலியின் ஒரு பாதி, அதுவும் முன்னே வரும் பாதை மட்டும். 'ஒலித்தடுப்பு' என்று சேர்த்துச் சொல்லும்போது இந்த வரம்பெல்லாம் போய்விடுகிறது. கேட்பவர் காதில் விழுவது 'ஒலியை நிறுத்துவது' என்பதே. இந்தப் பொருள் மயக்கம் வீட்டில் வேலையையே கெடுக்கும். வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீட்டில் அடுத்த வீட்டோடு பங்கிடும் சுவரில் ஸ்பீக்கரை மாட்ட நினைப்பவர், 'ஒலித்தடுப்புப் பலகைதான் இருக்கிறதே, பக்கத்து வீட்டுக்குக் கேட்காது' என்று நம்பிவிடுவார். பலகை அப்படி எதையும் செய்வதில்லை. பெட்டியின் அதிர்வு ஆணி வழியே நேராகக் கான்கிரீட்டுக்குள் போகும். மேசையில் வைத்த ஸ்பீக்கரைவிடச் சுவரில் இறுக்கிய ஸ்பீக்கர்தான் அண்டை வீட்டாரோடு மனஸ்தாபத்தை வளர்க்கும்.

இரண்டாவது சிக்கல், கூட்டுச்சொற்களில் 'தடுப்பு' தாங்காது. பெட்டியே இல்லாமல் பலகை மட்டும் நிற்கும் அமைப்பை 'ஓபன் பேஃபிள்' என்பார்கள். அது 'திறந்த தடுப்பு' ஆகுமாம். திறந்திருந்தால் அது என்ன தடுப்பு? எல்லையில்லாமல் விரிந்த பலகையாகக் கணக்கிடும் 'இன்ஃபினிட் பேஃபிள்', 'முடிவிலாத் தடுப்பு' ஆகிறது. ஆணையத்தின் அறிவிப்புப்போல் இருக்கிறது. மூன்றாவது, ஸ்பீக்கருக்குள் ஏற்கெனவே மின்தடை இருக்கிறது. கிராஸ்ஓவரில் (தாழ்ந்த, உயர்ந்த சுரங்களைப் பிரித்தனுப்பும் சுற்றில்) இந்த அலைவரிசை போகட்டும், அது நிற்கட்டும் என்று தடுக்கும் பகுதிகளும் இருக்கின்றன. எல்லாமே தடை, தடுப்பு, தடுப்பான் என்றால் எதை மரத்தில் வெட்டுவது, எதைச் சிம் லிம் டவரில் வாங்குவது?

செயலைத்தான் சொல்லியாக வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவர்களுக்கு 'மறிபலகை' பரவாயில்லை. வழியை மறிப்பது என்ற துல்லியம் அதில் இருக்கிறது. எண்ணெய்த் தொட்டிக்குள்ளும் கொதிகலனுக்குள்ளும் உள்ள தகட்டுக்கு அது நன்றாகவே பொருந்தும். ஸ்பீக்கருக்கு என் வாக்கு 'முகப்பலகை'க்கு. மரம்+பலகை மரப்பலகை ஆவதுபோல முகம்+பலகை முகப்பலகை. புதிதாக எதையும் கற்க வேண்டாம். ஆறு பலகையை மேசைமேல் பரப்பி 'முகப்பலகையை எடு' என்றால் எவரும் சரியான பலகையை எடுத்துக் கொடுப்பார். செயலைச் சொல்லவில்லையே என்றால், சக்கரம் என்ற சொல்லும் வண்டி ஓடுவதைச் சொல்லவில்லை. தூய்மை பார்ப்பவர்களுக்கும் குறையில்லை. 'ஸ்பீக்கர்' என்பதை அப்படியே விட்டுவிட்டு 'முகப்பலகை' என்று எழுதுவது கலப்படம் என்று யாராவது சொன்னால், 'ஒலிபெருக்கி' ஒலியைப் பெருக்குவதில்லை, அந்த வேலை ஆம்ப்ளிஃபையருடையது என்று அவர்களுக்கு ஒருமுறை நினைவூட்டலாம். ஐம்பது சொல்லை மாற்றுவதைவிட, மாற்றுகிற ஒன்றைச் சரியாக மாற்றுவது மேல்.

சுவரில் மாட்டும் பெட்டியில் இந்தப் பலகையின் கதை இன்னும் சுவையானது. அறை நடுவில் தாங்கியின்மேல் நிற்கும் பெட்டியில், உயர்ந்த சுரங்கள் முகப்பலகையில் மோதி முன்பக்கமே வரும். தாழ்ந்தவை பலகையைச் சுற்றி எல்லாப் பக்கமும் சிதறும். சுரம் உயர உயர முன்பக்கத்தில் 6 டெசிபல் வரை ஏற்றம். அந்த ஏற்றத்தின் நடுப்புள்ளியைத் தோராயமாகக் கணக்கிட, 115ஐப் பலகையின் அகலத்தால் (மீட்டரில்) வகுக்க வேண்டும். 20 செ.மீ. அகலத்துக்கு 575 ஹெர்ட்ஸ். 'பேஃபிள் ஸ்டெப்' என்பது இதுதான்; 'முகப்பலகைப் படி' என்றால் போதும். ('தடுப்புப் படி' என்று எழுதிப் பாருங்கள். மின்தூக்கிக்குப் பக்கத்தில் இருக்கவேண்டிய ஏதோ ஒன்று.) இந்தப் படியைச் சமன்செய்ய ஒரு சுருளும் மின்தடையும் இணையாகச் சேர்ந்து ஸ்பீக்கருக்குத் தொடராக வரும். 8 ஓம் ஸ்பீக்கரோடு 4.7 ஓம் மின்தடை என்றால் ஏறக்குறைய 4 டெசிபல் குறைப்பு.

சுவரில் ஒட்டி மாட்டினால் சுவரே முகப்பலகையின் தொடர்ச்சியாகிவிடும். படி பெரும்பாலும் மறைந்துவிடும். அப்போது அந்தச் சமன்சுற்று வேண்டாம். தாங்கியில் நிற்கும் பெட்டிக்கான சுற்றைப் பார்த்து அப்படியே எடுத்துச் சுவர்ப் பெட்டியில் வைப்பதுதான் பரவலான தவறு; தாழ்சுரம் கும்மென்று அடைக்கும், பேச்சு போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கும். பிறகு ஸ்பீக்கர் சரியில்லை என்று திட்டு.

பெட்டி அகலமாகவும் ஆழம் குறைவாகவும் இருக்க வேண்டும். ஆழம் கூடினால் சுவரில் பட்டுத் திரும்பும் அலை கால் அலைநீளத்தில் முன்னலையோடு மோதும்: முகம் சுவரிலிருந்து 60 செ.மீ. தள்ளி இருந்தால் சுமார் 143 ஹெர்ட்ஸில் ஒலி குறைந்து பள்ளம் விழும், 10 செ.மீ. என்றால் சுமார் 860இல். அவ்வளவு உயர்ந்த சுரத்தில் அகலமான முகப்பலகை ஒலியைப் பின்னால் போகவிடுவது குறைவு என்பதால் பள்ளமும் ஆழமில்லை. 5 அங்குல வூஃபரும் (தாழ்சுர ஸ்பீக்கர்) ஒரு டுவீட்டரும் (உயர்சுர ஸ்பீக்கர்) கொண்ட மூடிய பெட்டிக்கு வெளியளவு 30 செ.மீ. அகலம், 45 உயரம், 10 ஆழம் வசதியானது. முகப்பலகை 18 மி.மீ., மற்றவை 12 மி.மீ. உள்ளே சுமார் 8.2 லிட்டர் கிடைக்கும். எடை, ஸ்பீக்கர்களோடு ஆறு கிலோ அளவில் நிற்கும். வூஃபரின் ஆழத்தை முதலில் பாருங்கள். முகத்திலிருந்து பின்பலகை வரை 88 மி.மீ.தான். காந்தத்தின் பின்னால் காற்றுத் துளை இருந்தால் குறைந்தது 20 மி.மீ. இடைவெளி வேண்டும்.

பலகையின் நட்டநடுவில் துளை போட வேண்டாம். எல்லா விளிம்பும் ஒரே தூரத்தில் இருந்தால் விளிம்பில் சிதறும் அலைகள் எல்லாம் ஒரே அலைவரிசையில் கூடும். ஒரு பக்கம் 12 செ.மீ., மறுபக்கம் 18 செ.மீ. என்று தள்ளி வைத்தால் அது பரவி அடங்கும். வூஃபர் துளையின் பின்விளிம்பை 45 பாகையில் சாய்த்துச் செதுக்குங்கள். இல்லாவிட்டால் 18 மி.மீ. கனம் ஒரு குழாயாகி, கூம்பின் பின்காற்று மூச்சுத் திணறும். திருகு வரும் இடங்களில் மட்டும் மரத்தை விட்டுவைக்க வேண்டும். எம்டிஎஃப்பில் (அழுத்திய மரநார்ப் பலகையில்) மரத்திருகு இரண்டாம் முறை கழற்றினாலே பிடி விட்டுவிடும். எம்4 போல்ட்டும் பின்னால் டி-நட்டும் (மரத்தில் பதியும் மரை) போடுவது நல்லது. நம்மூர் ஈரப்பதத்தில் எம்டிஎஃப்பின் வெட்டு விளிம்பு நீர் குடித்து உப்பும். சாயம் பூசுமுன் விளிம்புகளில் நீர்த்த மரப்பசையைத் தடவி, காய்ந்ததும் தேய்த்து, மறுபடியும் தடவுங்கள். வீணைக் குடத்தின் மேல்பலகை அதிர வேண்டியது, முகப்பலகை அதிரக் கூடாதது. இரண்டு துளைகளுக்கும் இடையில், நடுவை விட்டுத் தள்ளி, முன்பலகைக்கும் பின்பலகைக்கும் ஒரு குறுக்குக் கட்டை ஒட்டுங்கள்.

மொழிபெயர்ப்பவர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். நான்கு அதிகாரத்துவ மொழிகள் உள்ள ஊரில் எல்லாவற்றுக்கும் தமிழ் தேவைப்படுகிறது, அவசரமும் புரிகிறது. ஆனால் அகராதியில் முதல் பொருளைப் பார்த்ததும் கையை எடுத்துவிடாதீர்கள். பொருளை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டு எழுதுங்கள். முகப்பலகையைப் பார்த்தவர் அதற்குத் 'தடுப்பு' என்று பெயர் வைக்க மாட்டார். அதில் இரண்டு பெரிய ஓட்டைகள் இருக்கின்றன.

மரக்கடையில் வெட்டக் கொடுக்கும்போது ஒரு வேலை. துளைகள் நடுவில் இல்லாததால் இடப் பெட்டியும் வலப் பெட்டியும் கண்ணாடியில் பார்ப்பதுபோல் எதிரெதிராக வரவேண்டும். இரண்டு பலகையிலும் வெளிப்பக்கம் பென்சிலால் 'முகம்' என்றும், கூடவே 'இடம்', 'வலம்' என்றும் எழுதி, மேல்நோக்கி ஓர் அம்புக்குறி போடுங்கள். எழுதாமல் கொடுத்தால் வடிவத்தை இரண்டிலும் ஒரே பக்கமாக வரைந்து வெட்டிவிடுவார்கள். பின்விளிம்புச் சாய்வும் செதுக்கி முடிந்த பிறகு பலகையைத் திருப்பிப் போட்டுச் சமாளிக்க முடியாது. ஒன்றைப் புதிதாக வெட்ட வேண்டியதுதான்.