கட்டாயத் தன்னார்வமா, வெட்டியா?

காரைக்குடிப் பக்கம் ஒரு தனியார் பள்ளியின் சுற்றறிக்கை கைக்கு வந்தது. ஞாயிறு காலை 6 மணிக்கு ஊருணி தூய்மைப் பணி. ஆசிரியர்கள் அனைவரும் ‘தவறாமல் தன்னார்வலர்களாக’ வர வேண்டும். வர முடியாதவர்கள் முதல்நாளே காரணம் எழுதிக் கொடுக்க வேண்டும். இதே வகை வேலைக்கு ‘கட்டாயத் தன்னார்வப் பணி’ என்று ஒரு தமிழாக்கமும் உலவுகிறது. மொழிபெயர்ப்புக் கட்டுரைகளில் தொடங்கி, இப்போது சம்பளம் வாங்குபவர்களே அப்படிச் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். இந்தச் சொல் தவறு. தவறு மட்டுமல்ல, கெடுதலும் செய்கிறது.

முதலில் வேர். வாலண்டியர் என்பதற்கு அடியில் இருப்பது விருப்பம் என்று பொருள்படும் லத்தீன் சொல். ஆங்கிலத்தில் அது முதலில் தானே முன்வந்து படையில் சேர்ந்தவனைக் குறித்தது. தமிழில் தொண்டர் என்றோம், பிறகு தன்னார்வலர் என்றோம். தன் + ஆர்வம், அவ்வளவுதான். நல்ல ஆக்கம், குறையில்லை.

குறை, அதன் தலையில் ‘கட்டாய’ என்பதை ஏற்றியதில் இருக்கிறது. ஆங்கிலத்தில் இந்த முரண்தொடரைச் சொல்பவர்கள் முதலாளியைக் குத்திக் காட்டவே சொல்கிறார்கள். அதற்காகவே வாலண்டோல்டு என்று ஒரு கேலிச்சொல்லும் அங்கே உண்டு: முன்வரும்படி உத்தரவு போடப்பட்டவர் என்று பொருள். நம் மொழிபெயர்ப்பாளர்கள் குத்தலை விட்டுவிட்டுச் சொற்களை மட்டும் எடுத்து வந்தார்கள். தமிழில் அது ஏதோ அலுவலகத் திட்டத்தின் பெயர்போல, பணிவாக உட்கார்ந்துவிட்டது.

இதனால் என்ன கெட்டது என்று கேட்கலாம். ‘தன்னார்வம்’ என்று எழுதியதுமே கூலி பற்றிய பேச்சு அடைபட்டுப் போகிறது. ஆர்வத்துக்கு யாராவது சம்பளம் கேட்பார்களா? ‘ஞாயிற்றுக்கிழமை வேலை’ என்று எழுதியிருந்தால் முதல் கேள்வியே அதற்கு என்ன சம்பளம் என்பதாகத்தான் இருக்கும். தொழிற்சாலைத் தொழிலாளி என்றால், 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் 2025 வரை நடப்பில் இருந்தபோது அதன் 59ஆம் பிரிவைக் காட்டி, மிகைநேரத்துக்கு இரட்டிப்புக் கூலி கேட்டார். பள்ளி ஆசிரியருக்கு அந்தச் சட்டம் பொருந்தியதில்லை. ஆனாலும் கேட்பதற்கு வாய் இருக்கும். கோடை விடுமுறையில் அட்மிஷனுக்கு ஆள் பிடிக்க வீடு வீடாக அனுப்புகிறார்களே, அதையும் சில இடங்களில் ‘பள்ளிக்கான தன்னார்வச் சேவை’ என்கிறார்கள். வெயிலில் அலைபவர் அந்தப் பெயருக்குக் கட்டுப்பட்டுப் போகிறார்.

‘நாங்கள் கட்டாயப்படுத்தவில்லை, கேட்டுக்கொண்டோம்’ என்பது நிர்வாகத்தின் வழக்கமான பதில். வேலையையும் சம்பளத்தையும் கையில் வைத்திருப்பவர் கேட்டுக்கொண்டால் அது வெறும் கேட்டல் ஆகாது. ‘வேலொடு நின்றான் இடுவென் றதுபோலும் கோலொடு நின்றான் இரவு’ என்ற குறள் (552) வேறெதைச் சொல்கிறது? செங்கோல் பிடித்தவன் கேட்பது, வேலோடு நிற்பவன் ‘கொடு’ என்பதைப் போன்றது. 1982இல் ஏசியாட் (டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டி) கட்டுமானத் தொழிலாளர் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் இதையொட்டியே நின்றது. அடி உதையோ சட்ட மிரட்டலோ வேண்டியதில்லை, வேறு வழியில்லாத வறுமையும் கட்டாயம்தான் என்றது. குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வாங்கும் வேலை, அரசியலமைப்பின் 23ஆம் உறுப்பு தடை செய்யும் கட்டாய உழைப்பு என்றும் தீர்ப்பளித்தது.

அந்த 23ஆம் உறுப்பின் ஆங்கில மூலத்தில் ‘பேகார்’ என்ற சொல்லே இருக்கிறது. கூலி கொடுக்காமல் வாங்கும் வேலைக்கு வட இந்தியாவில் வழங்கும் பெயர், பாரசீக வழி வந்தது. சட்டம் எழுதியவர்கள் மழுப்பாமல் ஊர்ச்சொல்லை எடுத்து வைத்தார்கள். நமக்கும் அப்படி ஒரு சொல் இருக்கிறது: வெட்டி.

சோழர் கல்வெட்டுகளில் வரிகளின் பட்டியலில் அடிக்கடி வரும் சொல் இது. ஊரார் கூலியின்றிச் செய்து தீர வேண்டிய உழைப்பு என்பது பொருள். சம்ஸ்கிருத ‘விஷ்டி’தான் வெட்டி ஆனது. தனித்தமிழ் அன்பர்கள் இங்கே முகம் சுளிப்பார்கள். ஆயிரம் ஆண்டு தமிழர் வாயில் புழங்கித் தமிழ் ஒலியே பெற்றுவிட்ட சொல்லை விரட்டிவிட்டு, நேற்று ஒட்டவைத்த முரண்தொடரைத் தூய தமிழ் என்று கொண்டாடுவதை என்னால் ஏற்க முடியாது. எழுத்தெல்லாம் தமிழாக இருந்தும் பொருள் பொய்யாக இருந்தால் அந்தத் தூய்மையால் என்ன பயன்?

இன்னொரு மறுப்புக்கு உண்மையிலேயே கனம் உண்டு. இன்று ‘வெட்டிவேலை’ என்றால் பயனற்ற வேலை. வெட்டிப் பேச்சு, வெட்டிச் செலவு எல்லாம் அந்த வழியில் வந்தவை. செய்தவனுக்கு ஒன்றும் கிடைக்காத வேலை என்பதிலிருந்து பொருள் அப்படி நகர்ந்தது என்றே கொள்கிறேன். அப்புறம், ‘வெட்டியான்’ என்ற பெயரில் ஒரு மக்களையே இழிவுபடுத்திய கதை இருக்கிறது. ஆகவே வெட்டி என்பதை வேலைக்கு மட்டும் சொல்ல வேண்டும், ஒருபோதும் ஆளுக்குச் சொல்லக் கூடாது. குழப்பம் வரும் இடத்தில் ‘வெட்டி உழைப்பு’ என்று எழுதலாம். சட்ட ஆவணமா, ‘ஊதியமில்லாக் கட்டாய வேலை’ என்று நேராகவே எழுதிவிடலாம். நீளம்தான், ஆனால் பொய் இல்லை.

மற்ற போட்டிச் சொற்கள் நிற்காது. ‘அமஞ்சி’ பொருளில் சரியானது, ஆனால் அகராதிக்குள் முடங்கிவிட்டது. ‘ஊழியம்’ திருவிதாங்கூரில் இதே கொடுமையின் பெயர். இன்றோ ஊழியர் என்றால் சம்பளம் வாங்குபவர். ‘பணிக்கொடை’ என்று ஒருவர் எழுதியதைப் பார்த்தேன். அது கிராஜுவிட்டிக்கு எப்போதோ கொடுத்தாயிற்று. ‘சிரமதானம்’ உண்மையாகவே மனமுவந்து செய்வதற்கு உரியது, அதையும் இதில் இழுத்துக் கெடுக்க வேண்டாம்.

செட்டிநாட்டில் இருந்துகொண்டு இந்தக் குழப்பத்தைக் கேட்பதுதான் எனக்கு இன்னும் பொறுக்கவில்லை. கோயில் காரியத்துக்குப் புள்ளிக்கு, அதாவது மணமான குடும்பம் ஒன்றுக்கு, இவ்வளவு என்று நகரத்தார் விதித்தால் அது புள்ளிவரி. ஒருவர் தாமாக விரும்பிச் செய்தால் உபயம். வரியை உபயம் என்று எழுதினால் கணக்குப்பிள்ளைக்கே பொறுக்காது. கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்ய, போன கடைகளில்கூட ஆளை அனுப்புமுன் சம்பளச் சீட்டு எழுதினார்கள். பொதுவாக மூன்றாண்டுக் கணக்கு. பெட்டியடிப் பையனுக்கு, கடையின் கடைநிலை எடுபிடிக்கு, வேலை கடுமைதான், ஆனால் அதை யாரும் தன்னார்வம் என்று சொல்லவில்லை.

அமெரிக்காவிலும் விதி தெளிவாகத்தான் இருக்கிறது. அங்குள்ள 1938ஆம் ஆண்டு உழைப்புத் தரச் சட்டத்தின் விதிமுறைப்படி, தர்ம காரியமே ஆனாலும் முதலாளி கேட்டுக்கொண்டதன் பேரிலோ அவர் மேற்பார்வையிலோ செய்தால் அது வேலை நேரம். வேலை நேரத்துக்கு வெளியே தானாக விரும்பிச் செய்ததுதான் கணக்கில் வராது. இதைத் தமிழாக்குபவர் இரண்டுக்கும் ‘தன்னார்வப் பணி’ என்றே எழுதினால், விதி பிரித்து வைத்ததைத் தமிழ் ஒன்றாக்கிவிடுகிறது.

இந்த நோய் வேறு இடங்களிலும் பரவியிருக்கிறது. ‘விருப்ப ஓய்வு’ என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். அறைக்குள் கூப்பிட்டு, கையெழுத்துப் போடாவிட்டால் வேறு ஊருக்கு மாற்றுவோம் என்று சொல்லி வாங்கிய கடிதத்துக்கும் அதே பெயர். ‘கட்டாய விருப்ப ஓய்வு’ என்றுகூடக் காதில் விழுகிறது. பணி விதிகளில் ‘கட்டாய ஓய்வு’ என்பது தனி நடவடிக்கை, அதையும் இதற்கு வைக்க முடியாது. நெருக்கி வாங்கிய ராஜினாமா என்று எழுதட்டும். ராஜினாமா தமிழ்ச் சொல் இல்லைதான், ஆனால் நடந்தது என்னவென்று படிப்பவருக்குப் புரியும்.