பென்டாக்ஸ் கே1000 வாங்கும் முன் பின்கதவைத் திறந்து பாருங்கள்

ஃபிலிமில் படம் எடுக்கப் பழக விரும்புகிறவர்களுக்கு நான் முதலில் சொல்லும் பெயர் பென்டாக்ஸ் கே1000. 1976இல் வந்த கேமரா இது. 1997 வரை உற்பத்தியில் இருந்ததால் இன்றும் பழைய சந்தையில் தாராளமாகக் கிடைக்கிறது. ஆனால் என் பழுதுபார்க்கும் மேசைக்கு வருபவற்றில் பாதிக்கு மேல், "நன்றாக வேலை செய்கிறது" என்று சொல்லி விற்கப்பட்டவைதான். பட்டனை அழுத்தினால் சத்தம் வருகிறது என்பதற்கு மேல் அந்தச் சொல்லுக்குப் பெரும்பாலும் அர்த்தம் இல்லை.

இதில் எல்லாமே கையால்தான். ஃபோகஸ், அப்பர்ச்சர் (லென்ஸ் துளையின் அளவு), ஷட்டர் வேகம் (ஃபிலிமில் வெளிச்சம் படும் நேரம்) மூன்றையும் நாம்தான் வைக்க வேண்டும். ஷட்டர் 1 நொடியிலிருந்து 1/1000 நொடி வரை முழுக்க இயந்திரவிசையில் ஓடும். பேட்டரி, வெளிச்சத்தை அளக்கும் மீட்டருக்கு மட்டும்தான். அதே 1976இல் வந்த கேனன் ஏஇ-1இல் பேட்டரி தீர்ந்தால் ஷட்டரே அசையாது. கே1000இல் பேட்டரியைக் கழற்றிவிட்டும் படம் எடுக்கலாம். நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ 100 (ஒளியுணர்திறன்) ஃபிலிமுக்கு அப்பர்ச்சர் எஃப்16, ஷட்டர் 1/125 வைத்தால் போதும். செல்ஃப் டைமர் கிடையாது. கற்றுக்கொள்கிறவருக்கு அது ஒரு குறையே இல்லை.

சரி, வாங்கும்போது என்ன பார்க்க வேண்டும்? ஃபிலிமைத் திரும்பச் சுற்றும் ரீவைண்டு குமிழை மேலே இழுத்தால் பின்கதவு திறக்கும். உள்ளே ஃபிலிம் இல்லை என்று விற்பவரிடம் முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். கதவின் ஓரப் பள்ளங்களில் வெளிச்சம் புகாமல் தடுக்கும் கறுப்பு நுரைப்பட்டை இருக்கும். வயதாக ஆக அது தார் மாதிரி பிசுபிசுக்கும், அல்லது பொடியாக உதிரும். படத்தில் காரணமே தெரியாமல் ஆரஞ்சு நிறக் கீற்று விழுந்தால் முதல் சந்தேகம் இதன்மேல்தான். பட்டையை மாற்றுவது எளிது. ஆனால் சுரண்டும்போது அந்தப் பிசின் ஷட்டர் திரையில் படக்கூடாது. திரை துணியால் ஆனது, விரலால்கூடத் தொடாதீர்கள்.

அடுத்து, லென்ஸைக் கழற்றிவிட்டு வெளிச்சமான சுவரைப் பார்த்தபடி 1/1000இல் ஷட்டரை அழுத்தி, பின்பக்கமாகப் பாருங்கள். முழுச் சட்டமும் ஒரே சீராகப் பளிச்சிட வேண்டும். ஒரு பக்கம் இருண்டிருந்தால் ஷட்டரின் இரண்டு திரைகளும் ஒரே வேகத்தில் ஓடவில்லை என்று பொருள். அப்புறம் 1 நொடி வையுங்கள். பழைய எண்ணெய் இறுகியிருந்தால் இழுத்து இழுத்து ஓடும், சில சமயம் பாதியில் நின்றுவிடும். இரண்டுமே பிரித்துச் சரிசெய்ய வேண்டிய வேலை. அந்தச் செலவையும் சேர்த்துத்தான் விலை பேச வேண்டும்.

லென்ஸை எதிர்வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். உள்ளே சிலந்திவலை போலத் தெரிந்தால் பூஞ்சை. துடைத்தாலும் சில சமயம் கண்ணாடிப் பூச்சில் தடம் நின்றுவிடும். அப்படிப்பட்டதை விட்டுவிடுங்கள், அதே லென்ஸ் நல்ல நிலையில் வேறிடத்தில் கிடைக்கும்.

கண் வைத்துப் பார்க்கும் வ்யூஃபைண்டருக்குள் தூசி தெரிந்தால் பலர் துணியை ஸ்பிரிட்டில் நனைத்து, காட்சி தெரியும் ஃபோகஸ் திரையைத் துடைத்துவிடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். அது மென்மையான பிளாஸ்டிக், கீறல் நிரந்தரம். காற்று ஊதும் பம்ப் போதும். தூசி படத்தில் விழவும் விழாது.

மீட்டருக்கு எஸ்ஆர்44 (சில்வர் ஆக்சைடு) பட்டன் பேட்டரி போடுங்கள். கடைசிவரை ஒரே சீரான மின்னழுத்தம் தருவது அதுதான், எல்ஆர்44 (ஆல்கலைன்) மெல்ல இறங்கும். இந்த கேமராவின் மீட்டருக்கு ஆன்-ஆஃப் பட்டன் இல்லை, வெளிச்சம் பட்டுக்கொண்டிருக்கும் வரை ஓடிக்கொண்டே இருக்கும். எடுத்து முடித்ததும் லென்ஸ் மூடியைப் போட்டுவிடுங்கள்.

முதல் ஃபிலிம் போட்டதும் ஃபிலிமை நகர்த்தும் லீவரை இழுக்கும்போது ரீவைண்டு குமிழ், திரும்பச் சுற்றும் திசைக்கு எதிராகச் சுழல்கிறதா என்று பாருங்கள். ஆரம்பத் தொய்வு இறுகிய பிறகும் சுழலவில்லை என்றால் ஃபிலிம் சுருளில் மாட்டவில்லை, உள்ளே எதுவும் பதியாது. அந்த முதல் ரோலை முக்கியமான நிகழ்ச்சிக்கு எடுத்துப்போகாமல் எல்லா ஷட்டர் வேகத்திலும் சில படங்கள் எடுத்து, எந்தப் படம் எந்த வேகம் என்று குறித்து வையுங்கள். கேமரா பழுதுக்கு வரும்போது அந்த நெகட்டிவும் குறிப்பும் கூடவே வந்தால் கோளாறு எங்கே என்று சீக்கிரம் பிடித்துவிடலாம்.