'அறிந்துகொள்வர்' என்று எழுதினால் போதுமா?

"மாணவர்கள் ஒளிச்சேர்க்கை பற்றி அறிந்துகொள்வர்." பாடக்குறிப்பு நோட்டில் கற்றல் நோக்கம் என்ற தலைப்புக்குக் கீழே பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். மணி அடித்த பிறகு, அறிந்துகொண்டார்களா என்று எதை வைத்துச் சொல்வது? தலையாட்டியதை வைத்தா? அறிதல், புரிதல், உணர்தல் எல்லாம் மனத்துக்குள் நடப்பவை. மாணவர் எழுதினால், வரைந்தால், சொன்னால், செய்து காட்டினால்தான் அவை நமக்குத் தெரியவரும். அதனால் நோக்கத்தின் வினைச்சொல்லும் கண்ணுக்குத் தெரிகிற செயலாக இருக்க வேண்டும்.

தமிழில் எழுதும்போது இன்னொரு சிக்கலும் சேர்ந்துகொள்கிறது. 'ஒளிச்சேர்க்கையை விளக்குதல்' என்று எழுதுகிறோம். விளக்கப்போவது யார்? 'தல்' என்று முடித்தாலே எழுவாய் மறைந்துவிடும். பல நோட்டுகளில் அது ஆசிரியர் செய்யப்போகும் வேலையாகவே இருக்கிறது. 'மாணவர்' என்று தொடங்கி, வினைமுற்றோடு முடித்துப் பாருங்கள். குழப்பம் அங்கேயே வெளிப்பட்டுவிடும்.

எந்தச் செயல் என்பதற்குத்தான் சிந்தனைப் படிநிலைகள் உதவுகின்றன. அமெரிக்கக் கல்வி உளவியலாளர் பெஞ்சமின் புளூமும் உடனிருந்தவர்களும் 1956இல் தந்த வகைப்பாட்டை, 2001இல் ஆண்டர்சனும் கிராத்வோலும் திருத்தி அமைத்தார்கள். இன்று நாம் பயன்படுத்தும் வரிசை அந்தத் திருத்தத்தில் வந்தது: நினைவுகூர்தல், புரிந்துகொள்ளுதல், பயன்படுத்துதல், பகுத்தாய்தல், மதிப்பிடுதல், உருவாக்குதல். கல்லூரிகளில் கே1 முதல் கே6 வரை குறிப்பதும் இவற்றைத்தான்.

இங்கேதான் பலரும் வழுக்குகிறார்கள். ஒவ்வொரு படிநிலைக்கும் உரிய வினைச்சொல் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு, 'ஒப்பிடுவர்' என்று எழுதினால் பகுத்தாய்தல் வந்துவிட்டதாக நினைக்கிறோம். ஒளிச்சேர்க்கைக்கும் சுவாசத்துக்கும் உள்ள வேறுபாடுகள் பாடநூலிலேயே அட்டவணையாக இருந்து, அதைப் பார்க்காமல் எழுதச் சொன்னால் அது வெறும் நினைவுகூர்தல்தான். படிநிலையைத் தீர்மானிப்பது சொல் அல்ல, மாணவர் முன் நாம் வைக்கும் வேலை. அந்த வேலையில் அவர் இதுவரை பார்க்காத ஏதாவது ஒன்று இருக்கிறதா என்று கேளுங்கள்.

இலையில் ஸ்டார்ச் சோதனையையே எடுத்துக்கொள்வோம். செடியை 48 மணி நேரம் இருட்டில் வைத்து, ஓர் இலையின் ஒரு பகுதியைக் கருப்புத் தாளால் மூடி, சில மணி நேரம் வெயிலில் வைக்கிறோம். பிறகு இலையைக் கொதிநீரில் போட்டு எடுத்து, சுடுநீருக்குள் வைத்த ஆல்கஹாலில் பச்சையத்தை நீக்கி, கழுவி, அயோடின் விடுகிறோம். மூடாத பகுதி கருநீலமாகிறது; அங்கே ஸ்டார்ச் இருக்கிறது என்று பொருள். இந்தப் படிகளை வரிசையாக எழுதச் சொன்னால் நினைவுகூர்தல். ஆல்கஹாலை ஏன் நேரடித் தீயில் வைப்பதில்லை என்று சொந்தச் சொற்களில் சொல்லச் சொன்னால் புரிதல். அந்தக் காரணமும் அப்படியே நூலில் இருந்தால் அதுவும் கீழ்ப்படிக்கு இறங்கிவிடும்.

இப்போது இப்படிக் கேளுங்கள்: "ஒரு குழுவின் இலையில் மூடிய பகுதியும் கருநீலமானது. எந்தப் படியில் தவறு நடந்திருக்கலாம்?" செடியை இருட்டில் வைக்காமல் விட்டிருந்தால் பழைய ஸ்டார்ச் இலையிலேயே தங்கியிருக்கும் என்பதை மாணவர் தானே கண்டுபிடிக்க வேண்டும். இது பகுத்தாய்தல். டியூப்லைட் வெளிச்சத்தில் ஸ்டார்ச் உருவாகுமா என்று பார்க்கச் சோதனை ஒன்றைத் திட்டமிடச் சொன்னால் உருவாக்குதல். ஒரே இலை, ஒரே அயோடின், வெவ்வேறு படிநிலை.

வினையோடு இன்னும் இரண்டு சேர வேண்டும் என்று கற்றல் நோக்கங்களை எழுதும் முறை பற்றி நூல் எழுதிய ராபர்ட் மேகர் 1962இலேயே வலியுறுத்தினார்: எந்தச் சூழலில், எந்த அளவுக்கு. "தவறான முடிவு தந்த சோதனையின் விவரத்தைக் கொடுத்தால், மாணவர் பாடநூலைப் பார்க்காமல், தவறிய படியையும் அதற்கான ஒரு காரணத்தையும் எழுதுவார்." சூழல், செயல், அளவு மூன்றும் இதில் வந்துவிட்டன. 'விளக்கி, ஒப்பிட்டு, மதிப்பிடுவார்' என்று மூன்று வினைகளை ஒரே வரியில் அடுக்காதீர்கள். ஒன்றைச் செய்து இரண்டை விட்டவருக்கு என்ன மதிப்பெண் போடுவீர்கள்?

45 நிமிட வகுப்புக்கு இரண்டு நோக்கங்கள் போதும். ஆறு படிநிலையும் ஒரே நாளில் வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. அடிப்படை தெரியாமல் பகுத்தாய முடியாது என்பதால் நினைவுகூர்தலை மட்டமாக எண்ணவும் வேண்டாம். ஆனால் நோட்டில் பகுத்தாய்தல் என்று எழுதிவிட்டு, மாதத் தேர்வில் 'படம் வரைந்து பாகங்களைக் குறி' என்று மட்டும் கேட்டால், மாணவர் தேர்வைப் பார்த்துத்தான் படிப்பார். நோக்கத்தை எழுதும்போதே அதற்கான கேள்வியையும் பக்கத்தில் எழுதிவிடுங்கள். கேள்வி வரவில்லை என்றால் நோக்கத்தைத் திருத்த வேண்டும்.

கடைசி ஐந்து நிமிடத்தில் அந்தக் கேள்விக்கு ஒரு துண்டுத்தாளில் விடை வாங்குங்கள். பாதிப் பேர் "ஒளி தேவை" என்று மட்டும் எழுதியிருந்தால், மறுநாள் வகுப்பை இருட்டில் வைத்த செடியிலிருந்து தொடங்க வேண்டும்.