ஐ7 ஸ்டிக்கரை நம்பி செகண்ட் ஹேண்ட் சிபியு வாங்கலாமா?

2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. அதற்குப் பிறகு எங்கள் சர்வீஸ் கடைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் கேட்கிறார்கள்: “பத்து வருஷம் ஆச்சு, புதுசு வாங்க வசதியில்ல, செகண்ட் ஹேண்ட்ல ஒரு நல்ல சிபியு பார்த்துக் கொடுங்க. ஐ7ஆ இருந்தா பரவாயில்ல.”

செகண்ட் ஹேண்ட் வாங்குவதில் எனக்கு ஆட்சேபமே இல்லை. கணக்கு எழுத, பில் போட, ஆன்லைன் விண்ணப்பம் நிரப்ப, பிள்ளைகள் படிக்கப் புது மெஷின் தேவையே இல்லை என்பதுதான் என் கருத்து. அந்த ‘ஐ7’தான் சிக்கல்.

இன்டெல் பிராசஸர்களின் பெயரில் வரும் ஐ3, ஐ5, ஐ7 என்பவை ஒரே தலைமுறைக்குள் எது பெரியது, எது சிறியது என்று மட்டும்தான் சொல்லும். எந்தக் காலத்துப் பிராசஸர் என்பது அதற்கு அடுத்து வரும் எண்ணில் இருக்கிறது. ஐ5-3470 என்றால் மூன்றாம் தலைமுறை. ஐ5-8500 எட்டாவது, ஐ5-10400 பத்தாவது. ஐ5-650, ஐ7-860 என்று மூன்றே இலக்கம் இருந்தால் அது முதல் தலைமுறை, தூரத்திலிருந்தே கும்பிட்டுவிடலாம். 2011இல் வந்த ஐ7-2600ஐ, விண்டோஸ் 10க்கு அடுத்து வந்த விண்டோஸ் 11 ஏற்காது. 2017 இறுதியில் வந்த ஐ3-8100ஐ ஏற்கும். அதனால் நான் சொல்வது சுருக்கமானது: இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறைக்குக் கீழே இறங்காதீர்கள். இன்னொரு கம்பெனியான ஏஎம்டியின் பிராசஸர் என்றால் ரைசன் 2000 வரிசையிலிருந்து பாருங்கள். அதிலும் 2200ஜி, 2400ஜி இரண்டும் விண்டோஸ் 11க்கான மைக்ரோசாஃப்டின் பட்டியலில் இல்லை. பெயரில் 2 இருக்கிறதே என்று ஏமாற வேண்டாம்.

“ஆனா கடைக்காரர் ஃபோர்த் ஜென்லயே விண்டோஸ் 11 போட்டு ஓட்டிக் காட்டுறாரே!” காட்டுவார். மெஷினுக்குத் தகுதி உண்டா என்ற சோதனையைத் தாண்டி இன்ஸ்டால் செய்யும் வழி ஊரறிந்தது. அப்படிப் போட்ட மெஷினுக்கு அப்டேட் வரும் என்று மைக்ரோசாஃப்ட் உத்தரவாதம் தருவதில்லை. விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பு வந்தபோது, ஐ வரிசைக்கும் முந்தைய கோர் 2 டியோ காலத்து மெஷின்களில் அது ஸ்டார்ட்டே ஆகவில்லை. அது கேட்கும் ஒரு கட்டளைத் தொகுப்பு அந்தப் பிராசஸர்களில் கிடையாது. கடையில் விண்டோஸ் 11 ஓடுகிறது என்பதை வைத்து ஒன்றும் முடிவு செய்யாதீர்கள். டாஸ்க் மேனேஜரைத் திறந்து பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் பிராசஸரின் முழுப் பெயரைப் படியுங்கள். விண்டோஸ் செக்யூரிட்டிக்குள் டிவைஸ் செக்யூரிட்டி பக்கத்தில், விண்டோஸ் 11 கேட்கும் பாதுகாப்பு அம்சமான டிபிஎம் பதிப்பு 2.0 என்று இருக்கிறதா, மெஷின் தொடங்கும்போதே காக்கும் செக்யூர் பூட் ஆனில் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு நிமிட வேலை.

இன்னொரு வகை, ஆன்லைனில் விற்கும் ‘செட்’. புது கேபினெட், வண்ண வண்ணமாக எரியும் ஃபேன், ஐ5 அல்லது ஐ7, 16 ஜிபி ரேம், எஸ்எஸ்டி, விலையோ நம்ப முடியாத அளவு குறைவு. உள்ளே இருப்பது எச்61 சிப்செட் உள்ள மதர்போர்டு. இன்டெல் அந்தச் சிப்செட்டைக் கொண்டுவந்தது 2011இல். இரண்டாம், மூன்றாம் தலைமுறைப் பிராசஸர்தான் அதில் உட்காரும். போர்டு புதிதாகத் தயாரானது என்பதும் உண்மை, பிராசஸர் பழையது என்பதும் உண்மை. பழைய காளைக்குக் கொம்பில் வர்ணம் அடித்துச் சந்தைக்கு ஓட்டி வந்த கதைதான். விளம்பரத்தில் ‘ஐ7 பிராசஸர்’ என்று மட்டும் போட்டு முழு எண்ணைப் போடாவிட்டால், அந்தப் பக்கத்தை அப்படியே மூடிவிடுங்கள்.

என் வாடிக்கையாளர்களுக்கு நான் வாங்கிக் கொடுப்பது பெரிய கம்பெனிகள் கழித்துவிட்ட பிராண்டட் மெஷின்கள். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலும் பெங்களூரு எஸ்.பி. ரோட்டிலும் இவை குவியல் குவியலாகக் கிடைக்கும். டெல் ஆப்டிபிளெக்ஸில் 3060, 5060, 7060 எட்டாம் தலைமுறை. ஹெச்பியில் எலைட்டெஸ்க் 800 ஜி4, புரோடெஸ்க் 600 ஜி4. லெனோவாவில் திங்க்சென்டர் எம்720, எம்920. ஏசி அறையில் ஓடியவை, யாரும் கேபினெட்டைத் திறந்து நோண்டாதவை. ஒரே ஒரு பெயர்க் குழப்பத்தை மட்டும் கவனியுங்கள்: ஆப்டிபிளெக்ஸ் 7010 என்று 2012இலும் ஒன்று வந்தது, 2023இலும் ஒன்று வந்தது. முதலாவது மூன்றாம் தலைமுறை, இரண்டாவது பதின்மூன்றாம் தலைமுறை. ‘7010, சூப்பர் மாடல் சார்’ என்றால் எந்த 7010 என்று கேளுங்கள். டெல்லாக இருந்தால் பெட்டியின் மேல் உள்ள சர்வீஸ் டேகை டெல் தளத்தில் போட்டால் முதலில் எப்போது விற்கப்பட்டது, என்னென்ன பாகங்களோடு விற்கப்பட்டது எல்லாம் வந்துவிடும்.

இந்தப் பெட்டிகளுக்கு ஒரு குணம் உண்டு, வாங்குமுன் தெரிந்திருக்க வேண்டும். சிறிய கேபினெட்டில் வரும் எஸ்எம்பிஎஸ், அதாவது மின்சாரம் தரும் பாகம், கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் ஏடிஎக்ஸ் அளவு கிடையாது. டெல்லில் கனெக்டரே வேறு. பழைய அசெம்பிள்டு மெஷினில் எஸ்எம்பிஎஸ் போனால் பக்கத்துக் கடையில் ஒன்றை வாங்கி மாட்டி அரை மணி நேரத்தில் ஓட்டிவிடுவோம். இதில் அதே மாடல் எஸ்எம்பிஎஸ் தேடித்தான் மாட்ட வேண்டும். கேம் ஆட ஒரு கிராபிக்ஸ் கார்டு போடலாம் என்ற நினைப்பு இருந்தால் இந்தச் சிறிய பெட்டிகள் வேண்டாம். உயரமான கார்டு உள்ளே நுழையவே நுழையாது, மின்சாரமும் போதாது. அவர்களுக்கு டவர் மாடல்தான் சரி.

உள்ளங்கை அகலத்தில் வரும் மினி மாடல்கள் எனக்குப் பிடித்தவை. லேப்டாப் போல அடாப்டரில் ஓடும். ஐ5-8500டி போன்ற 35 வாட் பிராசஸர் என்பதால் சின்ன யுபிஎஸ்ஸிலேயே நெடுநேரம் தாங்கும். அடிக்கடி கரண்ட் போகும் ஊரில் இது பெரிய விஷயம். ஆனால் டெல் மினிக்கு ஒரிஜினல் அடாப்டரையே கேட்டு வாங்குங்கள். கிடைத்த அடாப்டரைச் செருகினால், அது இன்ன அடாப்டர் என்று மெஷினுக்குப் புரியாமல் பிராசஸர் வேகத்தைத் தானாகவே குறைத்துக்கொள்ளும். ‘வாங்கின நாளிலிருந்தே ஸ்லோ’ என்று வரும் மினிகளில் நான் முதலில் பார்ப்பது அடாப்டரைத்தான்.

கடையில் என்ன பார்ப்பது? மெஷினை ஆன் செய்ததும் கீயை அழுத்தி பயாஸ் என்ற அடிப்படை செட்டிங்ஸுக்குள் போய்ப் பார்க்க வேண்டும். டெல்லுக்கு எஃப்2, ஹெச்பிக்கு எஃப்10, லெனோவாவுக்கு எஃப்1. பாஸ்வேர்டு கேட்டால் அந்த மெஷின் வேண்டாம். பிறகு எடுத்துத் தருகிறேன் என்ற வாக்குறுதியும் வேண்டாம். அடுத்தது பலருக்குத் தெரியாதது. சில மெஷின்களைப் பழைய கம்பெனி தன் கணக்கில் பதிவு செய்து, அந்தப் பதிவை நீக்காமலே கழித்துவிட்டிருக்கும். கடையில் நன்றாக ஓடும். ஒரு வருடம் கழித்து நீங்கள் ரீசெட் செய்து நெட்டில் இணைத்ததும் யாரோ ஒரு கம்பெனியின் பெயரைக் காட்டி அவர்களுடைய மெயில் ஐடியைக் கேட்டு நிற்கும். அதனால் நெட் இணைப்போடு ஒருமுறை ரீசெட் செய்து காட்டச் சொல்லுங்கள். முகம் சுளிக்கும் கடைக்காரரிடம் வாங்காதீர்கள்.

டிஸ்க்கின் நிலையை கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் காட்டும். எத்தனை மணி நேரம் ஓடியது என்பதையும் சேர்த்து. ஹார்டு டிஸ்க் மட்டும் இருந்தால் விலையைக் குறைத்துக்கொண்டு, எஸ்எஸ்டி ஒன்றைப் புதிதாகப் போட்டுக்கொள்ளுங்கள். ரேம் விலை 2025 இறுதியிலிருந்து தாறுமாறாக ஏறியிருப்பதால் ‘அப்புறம் கூட்டிக்கலாம்’ என்று 4 ஜிபியோடு வாங்காதீர்கள்; குறைந்தது 8 ஜிபி உள்ளேயே இருக்கட்டும். பில்லில் சீரியல் நம்பர் எழுதி வாங்குங்கள். வாய்ச்சொல்லாகச் சொல்லும் ஆறு மாத வாரண்டியையும் அதே பில்லில் எழுதச் சொல்லுங்கள்.

விண்டோஸ் லைசென்ஸ் பற்றிப் பயப்பட வேண்டாம். இந்த பிராண்டட் மெஷின்களில் பெரும்பாலும் புரோ லைசென்ஸ் போர்டிலேயே பதிந்திருக்கும். சுத்தமாக இன்ஸ்டால் செய்து நெட்டில் விட்டாலே தானாக ஆக்டிவேட் ஆகிவிடும். அது இருக்கும்போது திருட்டு ஆக்டிவேட்டரைப் போட்டு வைரஸுக்கு வாசல் திறப்பானேன்?

வாங்குவதுவரை நடப்பது பணத்தோடு போகும். பழைய மெஷினிலிருந்து மாறும் நாளில்தான் நிஜமான நஷ்டம் வரும். விலையைப் பேசிப் பேசிக் குறைப்பவர்கள் இதற்கு அரை மணி நேரம் ஒதுக்குவதில்லை என்பது என் மனக்குறை.

பழைய மெஷின் இன்று என்னென்ன வேலை செய்கிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். மெஷினோடு எது எது இணைந்திருக்கிறது என்றும் எழுதுங்கள். மண்டிகளிலும் பழைய மருந்துக் கடைகளிலும் ஃபாக்ஸ்ப்ரோ என்ற பழைய மென்பொருளில் எழுதிய, விண்டோஸுக்கு முந்தைய டாஸ் கால பில்லிங் புரோகிராம் இன்னும் ஓடுகிறது, நானே பராமரிக்கிறேன். 32 பிட் விண்டோஸ் 10 வரை அது ஓடியது. விண்டோஸ் 11இல் 32 பிட் பதிப்பே கிடையாது. 64 பிட்டில் அந்த புரோகிராம் திறக்காது. டாஸ் சூழலை உருவாக்கித் தரும் டாஸ்பாக்ஸ் போன்ற மென்பொருளுக்குள் வைத்து ஓட்டிப் பார்க்க வேண்டும், டாட் மேட்ரிக்ஸ் பிரின்டருக்குத் தனியாக வழி செய்ய வேண்டும். அந்தப் பிரின்டரின் அகலமான பேரலல் போர்ட் புதிய பெட்டிகள் பலவற்றில் இருக்காது. யுஎஸ்பி மாற்றுக் கேபிள் போட்டால் விண்டோஸிலிருந்து பிரின்ட் வரும், டாஸ் புரோகிராமிலிருந்து நேரடியாக வராது. இதையெல்லாம் மெஷின் வாங்கி வந்த பிறகு, கடையில் கூட்டம் நிற்கும்போது கண்டுபிடிக்கக் கூடாது. பழைய ஸ்கேனர்களுக்கு 64 பிட் டிரைவர் வராமலே போனதும் உண்டு.

டேலி என்ற கணக்கு மென்பொருள் வைத்திருப்பவர்கள் பழைய மெஷினிலேயே லைசென்ஸை சரண்டர் செய்துவிட்டுப் புதியதில் ஆக்டிவேட் செய்ய வேண்டும். முதலில் ஃபார்மேட் அடித்துவிட்டுப் பிறகு லைசென்ஸ் எங்கே என்று தேடினால் அலைச்சல்தான். டிஜிட்டல் சிக்னேச்சர் டோக்கனுக்கான டிரைவரையும் முன்கூட்டியே இறக்கி வையுங்கள்.

டிடிபி, அதாவது அச்சுக்குப் பக்கம் அமைக்கும் வேலை செய்கிறவர்களுக்குச் சில வார்த்தைகள். விருதுநகர், சிவகாசி பக்கத்து அச்சகங்களில் கல்யாணப் பத்திரிகையும் காலண்டரும் இன்னும் பேஜ்மேக்கர் 7இல் ஓடுகின்றன. 2001இல் வந்த மென்பொருள். ஃபைல்களை மட்டும் பென் டிரைவில் கொண்டுபோய்ப் புது மெஷினில் திறந்தால், ‘திருமண அழைப்பிதழ்’ இருந்த இடத்தில் ஆங்கில எழுத்துகளும் குறியீடுகளும் கலந்து கிடக்கும். ஃபைல் கெட்டுவிட்டது என்று பதறுவார்கள். கெடவில்லை. வானவில், பாமினி போன்ற எழுத்துருக்கள், எல்லா மெஷினுக்கும் பொதுவான யூனிகோடு முறைக்கு முந்தையவை. ஒவ்வொன்றும் தமிழ் எழுத்துகளை வேறு வேறு இடத்தில் வைத்திருக்கும். அந்த எழுத்துரு மெஷினில் இல்லாவிட்டால் தமிழும் இல்லை. பழைய மெஷினின் விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் ஃபோல்டரை முழுசாக எடுத்து வையுங்கள். தட்டச்சுக்குப் பயன்படுத்திய கீபோர்டு மென்பொருளின் சிடியும் சீரியல் எண்ணும் எங்கே என்று தேடுங்கள். சிடி கிடைத்தாலும் புதிய பெட்டியில் சிடி டிரைவ் இருக்காமல் போகலாம். அதையும் பழையதிலேயே காப்பி எடுத்துவிடுங்கள்.

வீட்டு மெஷின்களில் தவறுவது வேறு இடத்தில். ‘முக்கியமானதெல்லாம் டி டிரைவ்லதான் இருக்கு’ என்று டி-யையும் இ-யையும் காப்பி எடுத்துவிட்டு சி-யை விட்டுவிடுவார்கள். டெஸ்க்டாப்பில் தெரியும் ஃபைல்கள், டவுன்லோட்ஸ், டாக்குமென்ட்ஸ், பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகள், அவுட்லுக் மெயில் எல்லாம் சி-யில்தான் இருக்கின்றன. மகளின் கல்லூரிச் சான்றிதழ் ஸ்கேன் டெஸ்க்டாப்பிலேயே இருந்தது என்று ஃபார்மேட் ஆன பிறகு வந்தவர்கள் உண்டு. எஸ்எஸ்டியாக இருந்தால், ஃபார்மேட் ஆனதிலிருந்து மீட்டுக் கொடுப்பது பெரும்பாலும் என்னால் ஆகாது.

அதனால் பழைய மெஷினை எக்ஸ்சேஞ்சில் அன்றே கொடுத்துவிடாதீர்கள். எக்ஸ்சேஞ்சுக்கு அவர்கள் கழிக்கும் தொகை அப்படி ஒன்றும் பெரிதல்ல. வியாபாரம் செய்கிறவர் என்றால் புது மெஷினில் ஒரு முழு மாதம் ஓட்டி, 11ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1, 20ஆம் தேதி 3பி என்ற ஜிஎஸ்டி ரிட்டர்ன்கள் இரண்டையும் அதிலிருந்தே போட்டு முடிக்கும்வரை பழையது அப்படியே மேசைக்கு அடியில் இருக்கட்டும். எதை விட்டுவிட்டோம் என்பது அந்த மாதத்திற்குள் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

அதற்கு மேலும் கொடுத்துவிடத்தான் வேண்டும் என்றால் டிஸ்க்கைக் கழற்றிக்கொண்டு கொடுங்கள். சாதாரண குயிக் ஃபார்மேட் அடித்த ஹார்டு டிஸ்க்கில் ஆதார் நகல், பேங்க் ஸ்டேட்மென்ட், குடும்பப் படங்கள் எல்லாம் இருக்கும். இலவச மென்பொருள் வைத்தே மீட்கலாம். கழற்றிய டிஸ்க்கை ஒரு யுஎஸ்பி கேசில் போட்டால் அதுவே உங்கள் பேக்கப். டிஸ்க் இல்லாத பெட்டியை எடைக்குப் போடாமல், மின்கழிவு எடுக்கப் பதிவு பெற்றவர்களிடம் கொடுங்கள். மானிட்டர் நன்றாக இருந்தால் அதை மட்டும் வைத்துக்கொள்ளலாம். புதிய பெட்டியில் பழைய மானிட்டரைச் செருகும் விஜிஏ இல்லாமல் டிஸ்பிளே போர்ட் மட்டும் இருந்தால் ஒரு சின்ன கன்வெர்ட்டர் போதும். அதையும் பெட்டி வாங்கும் கடையிலேயே கேட்டு வாங்கி, அங்கேயே மாட்டிப் பாருங்கள்.