படகுத் தண்டனையும் புழுவின் வாயும்

"இரண்டு படகுகளுக்கு நடுவே ஆளை அடைத்து, தலையும் கைகால்களும் மட்டும் வெளியே தெரிய, பாலும் தேனும் ஊட்டிப் புழுக்களுக்கு இரையாக்கினார்களாமே பாரசீகத்தில், உண்மையா?" என்று ஒரு மாணவி கேட்டிருந்தார்.

கி.மு. 401-இல் குனக்ஸா போரில், பாரசீக மன்னன் அர்தக்ஸெர்க்ஸஸை எதிர்த்த அவன் தம்பி இளவரசன் சைரஸை வீழ்த்தியவன் தான்தான் என்று விருந்தில் வாய்விட்ட மித்ரிடேட்டஸ் என்ற வீரனுக்கு இந்தத் தண்டனை; அந்தப் பெருமையை மன்னன் தனக்கென்று வைத்திருந்தான். 17 நாள் துடித்து இறந்தான் என்று அந்த மன்னனின் வாழ்க்கை வரலாற்றில் சொல்கிறார் கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க். பால் உள்ளே போனதால் தண்ணீர்த் தாகத்தில் சாகமாட்டான், சரி. புழு?

மலத்தின் அழுகலிலிருந்து புழு தானாகப் பிறந்தது என்று எழுதுகிறார் அவர். இறைச்சிச் சாடியைத் துணியால் மூடி, ஈ முட்டையிடாமல் புழு வராது என்று 1668-இல் இத்தாலிய மருத்துவர் ஃபிரான்செஸ்கோ ரெடி காட்டும்வரை உலகம் அப்படித்தான் நம்பியது.

அந்தப் புழுவைக் கொஞ்சம் கிட்டத்தில் பாருங்கள். பல் கிடையாது, வாயில் இரண்டு கொக்கிகள்தான். செரிமான நீரைச் சதைமேல் உமிழ்ந்து, கரைந்து கூழானதை உறிஞ்சுகிறது. நம் வயிற்றுக்குள் நடப்பது அதற்கு வெளியிலேயே நடந்துவிடுகிறது! மூச்சுத்துளைகள் பின்புறத்தில் இருப்பதால் தலையை முழுக்கப் புதைத்துக்கொண்டு விடாமல் தின்னலாம். பச்சையாக மினுங்கும் ஓர் ஈயின் புழு பெரும்பாலும் செத்த சதையையே கரைத்து, உயிருள்ளதை விட்டுவிடும். ஆறாத புண்ணைச் சுத்தம் செய்ய அதைப் பயன்படுத்த அமெரிக்கா 2004-இல் அனுமதி தந்தது. எல்லா ஈயும் இப்படியல்ல. நம் ஊர் மாடுகளுக்குப் புண்ணில் வைக்கும் புழுக்களில் உயிருள்ள சதையையே குடைந்து தின்னும் இனமும் உண்டு. கோடை வெப்பத்தில் முட்டை ஈயாக ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகும். ஆக, 17 நாளில் புழுக்கள் சதையைத் தின்றிருக்கும் என்பதில் உயிரியலுக்கு ஆட்சேபம் இல்லை.

சாட்சிதான் இடிக்கிறது. புளூட்டார்க் எழுதியது சுமார் 500 ஆண்டு கழித்து. பாரசீக அரண்மனையில் இருந்த கிரேக்க மருத்துவர் டீசியஸின் நூலிலிருந்து கதை வந்திருக்கலாம் என்பது அறிஞர்கள் கருத்து. மனித முகமும் தேள் கொடுக்கும் கொண்ட விலங்கு இந்தியாவில் உண்டு என்று எழுதியவர் அவர். நம்பமுடியாத கதைகளை அவர் அள்ளித் திணித்தார் என்று அதே வாழ்க்கை வரலாற்றின் தொடக்கத்தில் புளூட்டார்க்கே சொல்கிறார். இதையெல்லாம் மறைத்துவிட்டு, நடந்ததாகவே காட்டும் காணொளிகள் மேல் எனக்கு உண்மையாகவே கோபம் வருகிறது.

பாரசீகர்கள் மென்மையானவர்கள் என்று நான் சொல்லவரவில்லை. ஈரானில் உள்ள பெஹிஸ்துன் பாறையில் பாரசீக மன்னன் டாரியஸ் தானே பொறித்து வைத்திருக்கிறான்: கலகம் செய்த ஃப்ரவர்திஷின் மூக்கு, காது, நாக்கை அறுத்தேன், ஒரு கண்ணைப் பிடுங்கினேன், வாசலில் கட்டிவைத்தேன், பிறகு எக்பட்டானா நகரில் கழுவேற்றினேன் என்று.