ஒரு தட்டில் உசிலங்காடு

போன மாசம் ஒரு அம்மா பீங்கான் தட்டு ஒன்றை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு எங்கள் நாற்றங்காலுக்கு வந்தார்கள். தட்டில் பதினோரு மரம், அத்தனையும் காய்ந்து போயிருந்தது. ஒரு கண்காட்சியில் ‘ரெடிமேட் காடு’ என்று நல்ல விலை கொடுத்து வாங்கியதாம், மூன்று வாரம்கூடத் தாங்கவில்லை. ஒரு மரத்தைப் பிடித்து லேசாக இழுத்தேன், உருவிக்கொண்டு கையோடு வந்துவிட்டது. அடியில் வேரே இல்லை. கிளையை வெட்டிச் செருகி, மேலே பாசியைப் போர்த்தி விற்றிருக்கிறார்கள்.

போன்சாய்க் காடு, அதாவது ஆழமில்லாத தட்டில் குட்டையாக வளர்த்த பல மரங்களைக் காடு மாதிரி நட்டது, வாங்குவதாக இருந்தால் தண்டைப் பிடித்து மெதுவாக ஆட்டிப் பாருங்கள். அடிமண்ணும் சேர்ந்து அசைந்தால் வேர் பிடித்திருக்கிறது. தண்டு மட்டும் தனியாக ஆடினால் நடையைக் கட்டிவிடுங்கள். நீங்களே விதையிலிருந்து ஆரம்பித்தால் இந்தச் சந்தேகமே வராது. மூன்று வருஷம் ஆகும், ஆகட்டும்.

வகுப்புக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் ஜூனிப்பர், சைனீஸ் எல்ம் என்று வெளிநாட்டு மரங்களைத்தான் கேட்கிறார்கள். இணையத்தில் பார்க்கிற படமெல்லாம் அதுதானே. நம் ஊர் அக்னி நட்சத்திரத்தில் அதைக் காப்பாற்றுவதற்குள் நமக்கு நாக்கு தள்ளிவிடும். இதில் வேடிக்கை என்னவென்றால், உலகம் முழுக்க ‘பியூக்கியன் டீ’ என்று போன்சாய்க்காரர்கள் கொண்டாடுகிற செடி நம் புதர்க்காடுகளில் சும்மா முளைத்துக் கிடக்கிற குருவிச்சிதான். தாய்லாந்தில் காலங்காலமாக வெட்டி வளைத்து அழகு பார்க்கிற மரம் நம் பிராய். இது போதாதென்றால் காசான், குருந்து, விளா, வன்னி எல்லாம் இருக்கின்றன. காட்டுக்கு நான் பார்க்கிற முதல் தகுதி இலை சின்னதாக இருக்கிறதா என்பது. நாவலையும் புன்னையையும் காடாக வைத்தால் ஒன்பது பேர் குடை பிடித்து நிற்கிற மாதிரி இருக்கும், காடு மாதிரி இருக்காது.

என் கைக்குப் பழகியது உசிலை. தலைக்குத் தேய்க்கிற அரப்பு இருக்கிறதே, அது இந்த மரத்தின் இலைப்பொடிதான். உசிலம்பட்டிக்குப் பெயர் வந்ததே இதனால்தான் என்பார்கள். இறகு மாதிரி பிரிந்த இலை, அதில் கடுகளவை விடக் கொஞ்சம் பெரிய சிற்றிலைகள், அதனால் ஒன்றரை அடி உயரத்திலேயே முழு மரத்தின் தோற்றம் வந்துவிடும். காய்ந்த காயை உடைத்து விதையெடுத்து, கொதிக்கவைத்து இறக்கிய வெந்நீரில் போட்டு இரவு முழுக்க விட்டுவிடுங்கள். காலையில் உப்பியதை விதையுங்கள், உப்பாததை மறுபடி வெந்நீரில் போடுங்கள்.

விதைத்த பிறகுதான் எல்லோரும் தவறு செய்கிற இடம் வருகிறது. ஒரே நாளில் விதைத்து, ஒரே அளவு கவரில் வளர்த்து, ஒரே மாதிரி தண்ணீர் ஊற்றினால் எல்லா நாற்றும் பென்சில் பென்சிலாக ஒரே தடிமனில் நிற்கும். அதைத் தட்டில் நட்டால் வேலிக்குக் குச்சி ஊன்றிய மாதிரிதான் இருக்கும், என்ன கலைநயம் காட்டினாலும். காட்டுக்குத் தாய்மரம் ஒன்று வேண்டும், அதற்கடுத்த தடிமனில் இரண்டு மூன்று, அப்புறம் ஒல்லிகள். நான் என்ன செய்வேன் என்றால், இருபது நாற்றில் மூன்றைத் தரையிலேயே நட்டுவிடுவேன், ஐந்தாறைப் பெரிய தொட்டியில் வைப்பேன், மிச்சத்தைச் சின்னக் கவரிலேயே நெருக்கி வைத்துப் பட்டினி போடுவேன். இரண்டு வருஷம் கழித்துப் பார்த்தால் தரையில் இருந்தது கட்டைவிரல் கனம், கவரில் இருந்தது ஊதுவத்தி கனம். ஒரே வயசு, ஒரே மரத்திலிருந்து எடுத்த விதை. ஒரு விஷயம், தரையில் வைப்பதற்கு முன் ஆணிவேரின் நுனியைக் கிள்ளிவிடவேண்டும், இல்லாவிட்டால் அது பாட்டுக்குக் கீழே போய்விடும், பிறகு தட்டுக்குக் கொண்டுவருவது கஷ்டம்.

இத்தனை பாடு எதற்கு, காட்டுப் பக்கம் போய் தடிமனாக நாலு பிடுங்கிவந்தால் ஆச்சே என்று வகுப்புக்கு ஒருவராவது கேட்பார். வேண்டாம். காப்புக்காட்டிலிருந்து அனுமதியில்லாமல் செடியோ மண்ணோ எடுப்பது குற்றம், அந்தச் சட்டம் 1882-லிருந்தே இருக்கிறது. கோயில்காட்டிலிருந்து எடுப்பது இன்னும் மோசம். சோழமண்டலக் கடற்கரையோரம் இருந்த உலர் பசுமைமாறாக் காடுகளில் இன்று மிஞ்சியிருப்பவை பெரும்பாலும் துண்டு துண்டாகத்தான். புதுச்சேரி பக்கத்துப் புத்துப்பட்டு ஐயனார் கோயில்காடு மாதிரி சாமிக்குப் பயந்து விட்டுவைத்த இடங்கள் அவை. அங்கே முழங்கால் உயரம் நிற்கிற ஒரு காசான் எத்தனை வருஷத்துச் செடி என்று வெளியே பார்த்துச் சொல்லிவிட முடியாது, அவ்வளவு மெதுவாக வளரும் மரம் அது. பிடுங்கினால் ஆணிவேர் அறுந்து, பத்தில் ஒன்று பிழைத்தாலே பெரிய விஷயம். நாற்று வேண்டுமென்றால் ஆரோவில் பக்கம் இந்த மரங்களை விதையிலிருந்தே வளர்க்கிறார்கள், வனத்துறை நாற்றங்கால்களிலும் கேட்டுப் பார்க்கலாம். (கைப்பிடிச் சுவரில், சன்ஷேடு விரிசலில் முளைக்கிற ஆலும் அரசும் வேறு கணக்கு. அதைத் தாராளமாக எடுங்கள், வீட்டுக்காரர் நன்றி சொல்வார்.)

ஆனால் கோயில்காட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள், வெறுங்கையோடு. ஓரத்து மரமெல்லாம் வெளிச்சத்தைத் தேடி வெளிப்பக்கம் சாய்ந்திருக்கும், கிளை கீழிருந்தே கிளம்பியிருக்கும். நடுவில் நிற்பது நெட்டையாக, உச்சியில் மட்டும் கிளையோடு நிற்கும். தட்டில் செய்யவேண்டியதும் அதே. நடுமரங்களின் கீழ்க்கிளையை வெட்டிவிடுங்கள், ஓரத்து மரங்களை வெளியே சாய்த்து நடுங்கள். ஜப்பானியர்கள் இந்தக் காட்டுமுறைக்கு யோசே-உவே என்று பெயர் வைத்து, ஒற்றைப்படையில் நடச் சொல்லியிருக்கிறார்கள். முன்னாலிருந்து பார்த்தால் எந்தத் தண்டும் இன்னொன்றின் பின்னால் ஒளியக்கூடாது, மூன்று மரம் ஒரே கோட்டில் நிற்கக்கூடாது. தாய்மரம் நட்டநடுவில் வேண்டாம், கொஞ்சம் ஒரு பக்கமாகத் தள்ளி. எத்தனை மரம் என்பதைவிட நடுவே விடுகிற வெற்றிடம்தான் காட்டைக் காட்டும், பழகாதவர்கள் அதைத்தான் அடைத்துவிடுகிறார்கள்.

நடுவதற்கு எனக்குத் தோதான காலம் ஆவணி, புரட்டாசி. ஐப்பசி அடைமழைக்குள் வேர் பிடித்துவிடும். மண்ணுக்குச் செங்கல்லை உடைத்து, அரிசியிலிருந்து துவரம்பருப்பு வரைக்குமான அளவைச் சலித்து அதில் பாதி, செம்மண்ணும் நன்றாக மக்கிய தொழுவுரமும் மீதி. மாடித்தோட்டத்துப் பழக்கத்தில் தென்னைநார்க் கழிவை அள்ளிப் போடுகிறார்கள். இரண்டு அங்குல ஆழத் தட்டில் அது ஈரத்தைப் பிடித்துவைத்து வேரை அழுக வைத்துவிடும். நாற்றின் வேரைப் பிரிக்கும்போது மண்ணை முழுக்கக் கழுவாதீர்கள். உசிலை வேரில் சின்னச் சின்ன முடிச்சுகள் இருக்கும், நோய் என்று நினைத்து ஒருவர் ஒவ்வொன்றாகக் கிள்ளிப்போட்டதை நேரில் பார்த்திருக்கிறேன்! அதற்குள் இருக்கிற பாக்டீரியாதான் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து மரத்துக்குக் கொடுக்கிறது. வேரில் பாதிக்கு மேல் வெட்டவேண்டாம்.

தட்டில் ஒன்பது மரத்தைக் கையால் நிறுத்தப் பார்த்தால் ஒன்றை நிமிர்த்தும்போது இன்னொன்று சாயும். மூங்கில் சிம்புகளைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி ஒரு தட்டி செய்து, அதில் ஒவ்வொரு மரத்தின் வேர்க்கட்டையும் சணலால் கட்டி, தட்டியைத் தட்டின் ஓட்டை வழியாக வரும் கம்பியால் இறுக்கிவிட்டு அப்புறம் மண்ணைப் போடுங்கள். சணலும் மூங்கிலும் மக்குவதற்குள் வேர்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். மண்ணை மூங்கில் குச்சியால் குத்திக் குத்தி இறக்கவேண்டும், கையால் அமுக்கக்கூடாது.

நட்டபின் மூன்று வாரம் ஷேட்நெட் அடியில், அப்புறம் காலை வெயில், அதன்பின் முழு வெயில். ஹாலில் டிவி பக்கத்தில் வைத்தால் காடு செத்துப்போகும், விருந்தாளி வருகிற அன்றைக்கு உள்ளே கொண்டுவந்து காட்டிவிட்டு வெளியே வைத்துவிடுங்கள். ஒன்றரை மாசத்துக்கு உரம் எதுவும் வேண்டாம். முதல் பத்து நாளில் இலை மொத்தமும் கொட்டினாலும் பதறாதீர்கள், தண்டை நகத்தால் லேசாகக் கீறிப் பாருங்கள், உள்ளே பச்சை இருந்தால் மரம் இருக்கிறது. புதுத் தளிர் வந்த பிறகு உசிலையே உங்களிடம் பேச ஆரம்பித்துவிடும். சாயங்காலம் சிற்றிலைகளை மடக்கிக்கொண்டு தூங்கும், விடிந்ததும் விரிக்கும். காலை ஒன்பது மணியாகியும் மடங்கியே கிடந்தால் மண்ணில் விரலை விட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தால் தண்ணீர், சொதசொதவென்று இருந்தால் அடியில் ஓட்டை அடைத்திருக்கிறது.